வேலை அட்டையின் மூன்றாவது வரி

பிரேமா இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாள். எழுதித்தான் தரவேண்டுமாம். வாயால் சொன்னால் நான் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

பிரேமா இப்போது வெள்ளவத்தைக் கடையை நடத்துகிறாள். கணினி திருத்தும் கடை. அவளுடைய தகப்பன் பரமண்ணை தொடங்கியது. நான் அங்கே இருபத்தாறு வருடம் வேலை செய்து, மூன்று வருடத்துக்கு முன் நின்றேன்.

முதல் கேள்வி கடைக்கு வருகிறவர்கள் கேட்பது. பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு வராது. புதியது பழைய மெசின்களில் ஏறாது. ஒவ்வொரு நாளும் யாராவது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். புது மெசின் வாங்குவதா, இதிலேயே லினக்ஸ் போடுவதா? உள்ளே வேலை செய்யும் மூன்று பேரும் மூன்று பதில் சொல்கிறார்களாம். "ஆளுக்காள் அடிபடாத குறை, யோகண்ணை. நீங்கள் ஒண்டு சொல்லுங்கோ" என்றாள்.

இரண்டாவது, தகப்பனின் இரும்பு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அவள் கண்டெடுத்த ஒரு வேலை அட்டை. மூன்றாவது வரியில் முதலில் எழுதியதை யாரோ றப்பரால் அழித்திருக்கிறார்கள். அதன்மேல் பென்சிலால் இரண்டு சொல். கோட்டில் நிற்காமல் சரிந்து நான்காவது வரிக்குள் இறங்கிக் கிடக்கிறது. "இது ஆற்ற எழுத்து? அப்பான்ரயும் இல்லை, உங்கடயும் இல்லை."

இரண்டுக்கும் ஒரே பதில்தான். கொஞ்சம் நீளம்.

நான் கொலன்னாவைப் பிள்ளை. அப்பா எண்ணெய்த் தாங்கிகளின் பக்கம் கூலி வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மருதானையில் ஒரு பட்டறையில் ரேடியோ திருத்தினேன். பிறகு டெக், பிறகு டீவி. கணினி வந்தபோது அதையும் திறந்து பார்த்தேன். என் ஆங்கிலம் முழுக்கத் திரையில் வந்த பிழைச் செய்திகளில் படித்தது. இன்றைக்கும் எனக்கு நன்றாகத் தெரிந்த ஆங்கிலம் ஏதோ ஒன்று கெட்டுப்போனதைச் சொல்லும் ஆங்கிலம்தான். பரமண்ணை பட்டறைக்கு ஒரு வேலையாக வந்தவர், என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் வெள்ளவத்தைக்கு வரச்சொன்னார். படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

பரமண்ணை அதிகம் கதைக்கமாட்டார். மெசினைத் திறக்கமுன் கை கழுவுவார். மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார். மணிக்கூடு பைக்குள் போனால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். யார் பிழை விட்டாலும் வாடிக்கையாளருக்கு முன்னால் "பிழை எங்கட" என்றுதான் சொல்வார். பிழை விட்டவனைத் தனியே கூப்பிட்டும் ஏசமாட்டார். "கார்டைத் திருப்பி எழுது" என்பார். அதுதான் தண்டனை.

கார்ட் என்றால் வேலை அட்டை. அதில் ஐந்து வரி. முதலாவது, ஆள் யார். இரண்டாவது, மெசின் என்ன. மூன்றாவது, இதில் என்ன செய்கிறார். நான்காவது, மெசினோடு ஒட்டிக் கிடக்கும் சாமான்கள், அதாவது பிரிண்டர், ஸ்கேனர், கமரா எல்லாம். ஐந்தாவது, பழைய ஹார்ட் டிஸ்க் எந்தத் தட்டில் இருக்கிறது.

மூன்றாவது வரியை ஆளைக் கேட்டு எழுதக்கூடாது. ஆளை மெசினுக்கு முன்னால் இருத்தி, வழமையான வேலையைச் செய்யச்சொல்லி, பத்து நிமிடம் பின்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதவேண்டும். "வாய் ஒண்டு சொல்லும். கையைப் பார்" என்பார். வருகிறவர்களுக்கு இது வெட்கம். எங்களுக்கு அலுப்பு. ஆனால் அவர் கடையில் அதுதான் முறை.

ஐந்தாவது வரிக்கும் ஒரு முறை உண்டு. புது சிஸ்டம் போடும்போது பழைய டிஸ்க்கை அழிக்கக்கூடாது. கழற்றி, பிரவுண் பேப்பரில் சுற்றி, பெயர் எழுதி, முப்பத்தொரு நாள் அலுமாரியில் வைக்கவேண்டும். புது டிஸ்க்கில்தான் புது சிஸ்டம். எங்கள் வீடுகளில் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்து முடிப்பதுபோல. பாரூக் நானா இதைச் சொல்லிச் சிரிப்பார்.

பாரூக் நானாவும் மருதானைப் பட்டறையில் இருந்து வந்தவர். என்னைவிட ஆறு வயது மூப்பு. எனக்குப் பக்கத்து மேசை. அவர் விண்டோஸ் ஆள். நான் லினக்ஸ் ஆள்.

அந்த நாட்களில் எல்லாக் கடைகளும் கொப்பி அடித்த விண்டோஸ்தான் போட்டன. நாங்களும் போட்டோம். மறைத்துப் பயனில்லை. ஒரு சீடீயை நூறு மெசினுக்குப் போட்டோம். யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு கம்பஸ் பொடியன் லினக்ஸ் சீடீ ஒன்றைத் தந்துவிட்டுப் போனான். காசு இல்லை, களவும் இல்லை, யாருக்கும் கொப்பி பண்ணிக் கொடுக்கலாம் என்றான். வைரஸ் பயமும் குறைவு. உள்ளே திறந்து எதையும் மாற்றலாம். பட்டறையில் வளர்ந்தவனுக்கு அந்தக் கடைசி விஷயம் பிடித்துப்போனது. திறக்க முடியாத பெட்டி எனக்குச் சரிவராது.

லினக்ஸின் படம் ஒரு பென்குயின். பாரூக் நானாவுக்கு அது போதும்.

"என்ன யோகன், ஒங்கட பென்குயின் வெள்ளவத்த வெக்கைக்குத் தாங்குமா?"

"உங்கட ஜன்னல் மழைக்குத் தாங்கினா இதுவும் தாங்கும், நானா."

"ஜன்னல் கள்ள ஜன்னலா ஈந்தாலும் காத்து வருதுதானே?"

ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது இது நடக்கும்.

எனக்கு முதல் அடி பாமன்கடைப் பக்கம் விழுந்தது. ஒரு கொமியுனிகேஷன் கடை. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள தாய்மார் வந்து, கமராவில் முகம் பார்த்துக் கதைக்கிற இடம். ஆறு மெசின். ஆறிலும் நாள்தோறும் வைரஸ். நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். வைரஸ் போனது. கமராவும் போனது. அந்தக் கமராக்கள் லினக்ஸில் வேலை செய்யவில்லை. நான்காவது வரியில் நான் கமரா எழுதியிருக்கவில்லை.

கடைக்காரனின் மனைவி போனில் வந்தா. "தம்பி, பிள்ளையின்ர முகம் பார்க்க வாற சனம் பென்குயின்ர முகத்தைப் பார்த்திட்டுப் போகுது. வந்து கழட்டுங்கோ."

பழைய டிஸ்க் ஆறும் அலுமாரியில் இருந்தன. அரை நாளில் திரும்பப் போட்டோம். பரமண்ணை ஆறு கார்டையும் திருப்பி எழுதச் சொன்னார். பாரூக் நானா ஒரு கிழமை சந்தோஷமாக இருந்தார். நான் நான்காவது வரியைப் பிறகு ஒருபோதும் தவறவிடவில்லை. மூன்றாவது வரியை அதற்குப் பிறகுதான் தவறவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு நொத்தாரிஸ் இருந்தார். காணி உறுதி எழுதுகிறவர். வயதானவர், நேரானவர், கொஞ்சம் முற்கோபம். அவருடைய மெசினிலும் கொப்பி விண்டோஸ்தான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் பரமண்ணையைக் கூப்பிட்டார்.

"பரமநாதன், சட்டம் கதைக்கிற என்ர மேசையில களவுச் சாமானோ? உதை எடும். ஒண்டில் நேராக் காசு குடுத்து வாங்கித் தாரும். இல்லாட்டி சும்மா தாற ஏதோ இருக்காமே, அதைப் போடும்."

பரமண்ணை என்னைப் பார்த்தார். நான் லினக்ஸ் என்றேன். அவர் தலையாட்டினார்.

அந்தக் கந்தோரில் டைப் அடிப்பவர் மனோ மிஸ். முழுப்பெயர் மனோன்மணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கலியாணம் செய்யவில்லை. தங்கச்சி குடும்பத்தோடு கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்வீட்டில் இருந்தா. தங்கச்சியின் புருஷன் இல்லை. தங்கச்சியின் மகள் கம்பஸில் முதல் வருடம். அந்த வீட்டில் உழைப்பது மனோ மிஸ் மட்டும். இது எனக்கு முன்பே தெரியும், பிரிண்டர் திருத்தப் போன நாட்களில் சொல்லியிருக்கிறா. ஆனால் மிஸ் நேரே முகம் பார்த்துக் கதைக்கிற ஆள் இல்லை. கதைக்கும்போது முகத்தைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பிவிடுவா. பெருமை பிடித்த மனிசி என்று நினைத்தேன்.

கந்தோரின் வேலைமுறை இது. நொத்தாரிஸ் ஐயா அறைக்குள் நடந்து நடந்து சொல்வார். மிஸ் அடிப்பா. விற்பவர், வாங்குபவர், காணி, நாலு பக்க எல்லை. உறுதியின் வகைக்கு ஒரு வெற்றுப் படிவம் மெசினுக்குள் இருக்கும். அதைத் திறந்து, இடைவெளிகளை நிரப்பி, புதுப் பெயரில் சேமித்து, அச்செடுப்பா. ஆட்கள் கையெழுத்து வைக்கமுன் ஐயா உரத்து வாசிப்பார்.

நான் போன நாள் சண்டைக் காலம். சோதனைச் சாவடிகள் இருந்தன. நான் முச்சக்கர வண்டியில், மடியில் சோதித்துப் பார்க்க எடுத்த ஒரு சீபீயுப் பெட்டியோடு போனேன். வழியில் ஆமிக்காரன் மறித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மே மொகக்த?"

"கொம்பியூட்டர் எக்கக், மஹத்தயா."

"அரின்ன."

திறக்கச் சொல்கிறான். றோட்டோரத்தில் குந்தி ஸ்குருவைக் கழற்றித் திறந்தேன். உள்ளே பார்த்தான். பெரியவனைக் கூப்பிட்டான். அவனும் பார்த்தான். என் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய் ஒரு மணித்தியாலம் கழித்துத் தந்தான். கொட்டாஞ்சேனைக்குப் போய்ச்சேர மத்தியானம் ஆகிவிட்டது. ஐயா வாசலில் நின்றார். பின்னேரம் ஒரு உறுதி இருக்கிறதாம்.

நான் மிஸ்ஸை இருத்திப் பார்க்கவில்லை. எத்தனை தடவை போன கந்தோர், எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். மூன்றாவது வரியில் "டைப் அடிக்கிறது" என்று எழுதிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

மற்றதெல்லாம் சரியாகச் செய்தேன். பழைய டிஸ்க்கைக் கழற்றிச் சுற்றினேன். புது டிஸ்க்கில் லினக்ஸ். தமிழ் கீபோர்ட், மிஸ் பழகிய டைப்ரைட்டர் முறையிலேயே போட்டேன். பிரிண்டர் வேலை செய்தது. பழைய படிவங்கள் திறந்தன. மிஸ்ஸிடம் ஒருக்கால் அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு பந்தி அடித்தா. எழுத்துப் பிழை இல்லை.

"சரியே மிஸ்?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "ஓம் தம்பி" என்றா. கொஞ்சம் பொறுத்து, "சத்தம் ஒண்டும் இல்லையே?" என்றா.

"புது டிஸ்க் மிஸ். சத்தம் போடாது." பெருமையாகச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் ஐயா கடைக்குப் போன் எடுத்தார். பரமண்ணை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு கை கழுவினார். "வா" என்றார்.

நடந்தது இது. கந்தோரில் ஒரு விற்பனை உறுதி. இரண்டு குடும்பமும் வந்து இருந்தது. ஐயா உரத்து வாசித்தார். விற்பவர் பெயர் சரி, வாங்குபவர் பெயர் சரி. வடக்கு எல்லைக்கு வந்தபோது வேறு யாருடையதோ காணியின் எல்லை. கிழக்கும் அப்படி. முந்தின நாள் வந்த ஆளின் காணி. வாங்க வந்தவர் எழும்பிவிட்டார். "இதென்ன ஐயா, எங்களுக்கு ஆற்ற காணியை எழுதுறியள்?" என்று கேட்டாராம்.

நாங்கள் போனபோது ஆட்கள் போயிருந்தார்கள். ஐயா நின்றுகொண்டிருந்தார். மிஸ் மெசினுக்கு முன்னால் இருந்தா.

"முப்பது வருஷத்தில எனக்கு இப்பிடி ஒரு வெக்கம் வரேல்லை, பரமநாதன். நான் கேக்கிறன், உவவுக்குக் கண் தெரியாதோ? மேல கிடக்கிறதை வாசிச்சுப் பார்க்கிறேல்லையோ?" மிஸ்ஸின் பக்கம் திரும்பினார். "மெசின் மாறினா பழக ஏலாத வயசு உமக்கு. இளம் பிள்ளை ஒண்டு கேட்டு வந்தது, வரச்சொல்லப் போறன். மாத முடிவோட நீர் நிண்டுகொள்ளும்."

மிஸ் கீபோர்டில் இருந்து கையை எடுத்தா. கை இரண்டும் மடியில் இருந்தன.

பரமண்ணை மணிக்கூட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டார். ஒரு கதிரையை இழுத்து மிஸ்ஸுக்குப் பின்னால் போட்டு இருந்தார். "பிள்ளை, அந்த உறுதியை முதலில இருந்து ஒருக்கால் அடியும். நான் பார்க்கிறன்."

நான் சுவரோடு நின்றேன். அன்றைக்குத்தான் மனோ மிஸ்ஸின் கையைப் பார்த்தேன்.

மவுஸ் மேசையில் இல்லை. வாலைச் சுற்றி மொனிட்டருக்குப் பின்னால் வைத்திருந்தது. அதில் தூசு. மிஸ் கீபோர்டைப் பார்க்கவில்லை. திரையையும் பார்க்கவில்லை. முகம் ஜன்னல் பக்கம். ஒரு கட்டையை அழுத்தி மெனுவைத் திறந்தா. பிறகு கீழே போகும் கட்டையை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து தடவை தட்டினா. உதடு அசைந்தது. எண்ணினா. பிறகு தலையைச் சரித்து மெசின் பெட்டியைக் கேட்டா. பழைய டிஸ்க் சேமிக்கும்போது கரகரக்கும். இது கரகரக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அடுத்ததுக்குப் போனா.

பழைய புரோகிராமின் மெனுவில் ஐந்தாவது வரி "புதுப் பெயரில் சேமி". நான் போட்டதில் ஐந்தாவது வரி வெறும் "சேமி". மிஸ் ஒவ்வொரு உறுதியையும் அதனதன் வெற்றுப் படிவத்தின் மேலேயே சேமித்துக்கொண்டு வந்திருக்கிறா. முந்தின நாள்தான் இந்த மெசினில் முதல் விற்பனை உறுதி, அடுத்த நாள் திறந்த படிவம் வெற்றாக இல்லை. பெயர்கள் பழைய பெயர்களின் மேல் விழுந்தன; எல்லைகளில் எண்ணிக்கை தவறி, முந்தின ஆளின் எல்லைகள் அதிலேயே கிடந்தன. கண்ணால் பார்க்கும் யாருக்கும் அது உடனே தெரிந்திருக்கும்.

பத்து நிமிடம் ஆனது. பரமண்ணை எழும்பினார்.

"ஐயா, பிழை எங்கட. மிஸ்ஸில ஒரு பிழையும் இல்லை. நாங்கள் மாத்தி வைச்சிட்டம்."

"பழசைப் போடப் போறீரோ? களவுச் சாமான் எனக்கு வேண்டாம்."

"இல்லை ஐயா. எங்கட கடையில ஒரு முறை இருக்கு. முப்பத்தொரு நாள். ஒன்பது போட்டுது. மிச்சத்தைத் தாங்கோ. அதுக்குள்ள இந்த மெசினில ஒரு உறுதி பிழைச்சா நீங்கள் நினைச்சபடி செய்யுங்கோ."

ஐயா யோசித்தார். "உமக்காகத் தாறன்" என்றார்.

பரமண்ணையும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். கடைக்கு வந்ததும் "கார்டைத் திருப்பி எழுது" என்றார். மூன்றாவது வரியை வெட்டிவிட்டு எழுதப் போனேன். என்ன எழுதுவது? "கண் தெரியாது, எண்ணி எண்ணி" என்று தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்தார். றப்பரை எடுத்து, நான் எழுதியதையும் முன்பு எழுதியதையும் அழித்தார்.

"கார்டை எல்லாரும் பார்ப்பினம்" என்றார். "விடு."

கடையில் மூன்றாவது வரி வெறுமையாக இருந்த ஒரே கார்ட் அதுதான்.

நேரே காசு கொடுத்துப் புது விண்டோஸ் வாங்கிப் போட்டிருந்தாலும் மிஸ்ஸுக்கு உதவியிராது. அதோடு வரும் புது டைப் புரோகிராமில் மெனுவே வேறு மாதிரி. பழையதைப்போல இனி ஒன்றும் இல்லை. ஆனால் லினக்ஸில் உள்ள புரோகிராமைத் திறக்கலாம், வரிகளை இடம் மாற்றலாம். நான் வாயால் சொல்லித் திரிந்ததைச் செய்து காட்டவேண்டி வந்தது.

பழைய டிஸ்க்கை அலுமாரியில் இருந்து எடுத்து, கடையில் ஒரு மெசினில் போட்டேன். பழைய மெனுக்களைப் பாரூக் நானா ஒவ்வொரு வரியாக வாசித்தார். பக்கத்து மெசினில் நான் லினக்ஸின் மெனுவை அதே வரிசைக்கு மாற்றினேன். ஏன் என்று அவருக்குச் சொல்லவில்லை.

"எனக்கு விளங்கல்ல. ஏன் ஒங்கட பென்குயினுக்கு என்ட சட்டையப் போடுறீங்க?"

"குளிருதாம், நானா."

அவர் என்னைப் பார்த்தார். பகிடிக்குச் சிரிக்கவில்லை. "ஏழாவது வரி, பக்க அமைப்பு" என்று வாசித்தார். அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

மெனு முடிந்தது. ஆனால் படிவம் திறக்கும் பெட்டி, அச்செடுக்கும் பெட்டி, அவற்றில் மிஸ் எத்தனை தட்டுத் தட்டுவா என்று எனக்குத் தெரியாது. அது மிஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சனிக்கிழமை, ஐயா இல்லாத நேரம், பழைய டிஸ்க்கோடு கந்தோருக்குப் போனேன்.

"மிஸ், நீங்கள் வழமையா செய்யிறதைச் செய்யுங்கோ. ஆனா வாய்விட்டு எண்ணுங்கோ. நான் எழுதுறன்."

மிஸ்ஸின் கை நின்றது.

"பரமநாதன் ஐயா ஏதும் சொன்னவரோ?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை மிஸ்."

"நீங்கள்?"

"நான் ஒண்டும் பார்க்கேல்லை."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினா. கீழே தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான்.

"நடுவில தெரியாது தம்பி" என்றா. "ஓரத்தில கொஞ்சம் தெரியும். டொக்டர் பார்வை இனி வராது எண்டுட்டார். நாலு வருஷமாச்சு. தங்கச்சிக்கும் தெரியாது. பஸ் நம்பர் பக்கத்தில நிக்கிற ஆக்களைக் கேப்பன். பிள்ளை கம்பஸ் முடிக்குமட்டும் இந்தக் கதிரை வேணும். அதுக்குப் பிறகு ஆர் இருந்தாலும் பரவாயில்லை."

"எண்ணுங்கோ மிஸ்" என்றேன்.

எண்ணினா. படிவம் திறக்க மூன்று, இரண்டு, ஒன்று. அடுத்த இடைவெளிக்குப் போக ஒன்று. வடக்கு எல்லைக்குப் பதினாலு. ஒரு கொப்பியில் பதினொரு பக்கம் வந்தது. நான்கு வருடமாக ஒரு ஆள் தலைக்குள் வைத்திருந்ததைப் பதினொரு பக்கத்தில் எழுதினேன். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

சத்தம் மிச்சம் இருந்தது. சேமித்து முடிந்ததும் மெசின் ஒரு சின்ன ஒலி எழுப்பும்படி செய்தேன். முதல் தடவை அது கேட்டபோது மிஸ் சிரித்தா. நான் அவ சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன். "ஐயா கேட்டால்?" என்றா.

"இந்த சிஸ்டம் அப்பிடித்தான் எண்டு சொல்லுங்கோ."

முப்பத்தோராம் நாள் ஐயா எங்களை வரச்சொன்னார். அன்றைக்கு ஒரு உறுதி இருந்தது, ஒரு காணியை மூன்று சகோதரங்கள் பிரிக்கும் உறுதி. நீளமானது. ஐயா நடந்து நடந்து சொன்னார். வேண்டுமென்றே கெதியாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். மிஸ் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு அடித்தா. மெசின் மூன்று தடவை ஒலித்தது. ஐயா புருவத்தை உயர்த்தினார். மிஸ் "இந்த சிஸ்டம் அப்பிடித்தான் ஐயா" என்றா.

அச்செடுத்து, ஐயா எழுந்து நின்று உரத்து வாசித்தார். மூன்று பங்கு. பன்னிரண்டு எல்லை. நானும் மனதுக்குள் எண்ணினேன். பரமண்ணையைப் பார்த்தேன். மணிக்கூடு அவருடைய கையில் இல்லை, பைக்குள் இருந்தது.

பன்னிரண்டாவது எல்லையை வாசித்து முடித்து ஐயா கடதாசியைக் கீழே வைத்தார். மூன்று சகோதரங்களும் கையெழுத்து வைத்தார்கள். அவர்கள் போனபிறகு ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உம்மட லினக்ஸ் நல்ல சாமான்தான்."

"ஓம் ஐயா" என்றேன்.

இளம் பிள்ளையைப் பற்றி அவர் பிறகு கதைக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததோ, தெரியாமல் இருக்க விரும்பினாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு எல்லைகளைச் சொல்லும்போது மெதுவாகச் சொல்வாராம்.

கடைக்கு வந்து பரமண்ணை அலுமாரியைத் திறந்தார். பழைய டிஸ்க்கை எடுத்துத் தந்தார். "இனி அழி" என்றார். அழித்தேன். கார்டை எடுத்துப் பார்த்தார். மூன்றாவது வரியை வெறுமையாகவே விட்டார். திரும்ப வைத்துவிட்டார்.

பிரேமா, உன் முதல் கேள்விக்கு என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. நான் இன்றைக்கும் லினக்ஸ் ஆள்தான். பாரூக் நானா மௌத்தாகும்வரை விண்டோஸ் ஆள்தான். வருகிறவரைக் கதிரையில் இருத்துங்கள். பத்து நிமிடம் பின்னால் நில்லுங்கள். எதைப் போடுவது என்று அதற்குப் பிறகு அடிபடுங்கள்.

இரண்டாவது கேள்வி.

மனோ மிஸ் அந்தக் கதிரையில் இன்னும் நான்கு வருடம் இருந்தா. தங்கச்சியின் மகள் கம்பஸ் முடித்து வேலைக்குப் போனது. அடுத்த மாதம் மிஸ் தானாகவே நின்றுகொண்டா. ஒரு நாள் காலையில் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் கடைப் படியேறி வந்தா. மற்றக் கையில் வெள்ளைத் தடி. தடியோடு மிஸ்ஸை நான் கண்டது அதுதான் முதல் தடவை. நீ அப்போது பள்ளிக்கூடம் போயிருப்பாய்.

பரமண்ணை எழும்பிக் கதிரை போட்டார். மிஸ் இருந்தா. தேத்தண்ணி வேண்டாம் என்றா.

"நீங்கள் ஒவ்வொருத்தருக்கும் கார்ட் எழுதுறனீங்கள் எண்டு யோகன் தம்பி சொன்னவர். என்ர கார்ட் இருக்கோ?"

பரமண்ணை தேடவில்லை. நேரே போய் எடுத்து வந்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

நான் வாசித்தேன். பெயர். மெசின். பிரிண்டர். டிஸ்க், இரண்டாம் தட்டு.

"நான் என்ன செய்தனான் எண்டு ஒரு வரி இருக்குமாமே?"

"அது எழுதேல்லை மிஸ்" என்றேன்.

மிஸ் கையை நீட்டினா. "பென்சிலைத் தாங்கோ. இனி ஆர் பார்த்தாலும் காரியமில்லை."

கொடுத்தேன். கார்டை மேசையில் வைத்து, மூன்றாவது வரி தொடங்கும் இடத்தில் மிஸ்ஸின் இடது விரலைக் கொண்டுபோய் வைத்தேன். மிஸ் எழுதினா. கையால் எழுதிக் கன காலம் போலும். எழுத்துப் பெரிதாக வந்தது, கோட்டைவிட்டுச் சரிந்து கீழே இறங்கியது. நான் முதல் நாள் அவசரத்தில் எழுதி, பரமண்ணை அழித்த அதே இரண்டு சொல்.

டைப் அடிக்கிறது.